ஒரிஜினல் உண்டா

முதல் தடவை வெறும் வெள்ளை.
அகலம் ஆயிரத்து இருநூறு, உயரம் எண்ணூறு,
அத்தனை புள்ளியும் வெள்ளை.
'காட்டு' என்ற வரியை முன்னால் எழுதி
'சேமி' என்பதைப் பின்னால் வைத்திருந்தேன்.
பார்த்து முடித்துச் சன்னலை மூடியதும்
மென்பொருள் வரைந்த தாளைக் கைவிட்டுவிடும்.
பிறகு கேட்டால் புதுத் தாளைத்தான் நீட்டும்.
பொய்யில்லை.
ஒன்றுமில்லை என்பதை
ஒழுங்காகச் சேமித்திருந்தது.

வரிகளை இடம் மாற்றினேன்.
அலை வந்தது.
தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாய்க்கு வெளியே
மிதவை அரைமணிக்கொருதரம் அனுப்பிய உயரங்கள்,
ஆனியில் ஒன்பது நாள், ஒற்றை நீலக்கோடு.
'அலை உயரம்' என்று தமிழில் எழுதிய இடத்தில்
எட்டுக் காலிப் பெட்டிகள்.
எழுத்துருவை மாற்றினேன்;
லகரத்தைத் தாண்டிப் போய்
பின்னால் நின்றது இணைக்கொம்பு.
போகட்டும், கடையில் அடித்துக்கொள்ளலாம்.
ஆறாம் நாள் உச்சியில் மட்டும்
சின்னதாய் ஒரு சிவப்பு அம்பு வைத்தேன்:
நான்கு மீட்டர் பத்து.
அந்த அம்பு எனக்குப் பிடித்திருந்தது.

திங்கள்சந்தையில்
ஷைஜினின் ஃப்ளெக்ஸ் கடை.
நாளை கோயில் அரங்கில் கூட்டம்,
ஆறடிக்கு நான்கடி வேண்டும்.
பென்டிரைவைச் செருகி, பெரிதாக்கி,
உதட்டைப் பிதுக்கினார்.
"எழுவத்திரண்டுல கொண்டு வந்திருக்கிய.
விரிச்சா படிக்கட்டு மாதிரி வரும்.
ஒரிஜினல் உண்டா?"

பார்த்தேன். உண்மைதான்.
என் கடல் படியேறிக்கொண்டிருந்தது.

உண்டு என்றேன்.
எண்கள் மடிக்கணினியில் இருக்கின்றன.
முந்நூறு புள்ளிக்கும் சேமிக்கலாம்,
புள்ளியே இல்லாமலும் சேமிக்கலாம்:
இங்கிருந்து புறப்படு, இந்த வளைவில் திரும்பு என்று
கோட்டுக்கு வழி மட்டும் சொல்லி.
எத்தனை அடிக்கு விரித்தாலும் உடையாது.

பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது
அவர் பாதியில் விட்ட வேலையைத் திறந்தார்.
கண்ணீர் அஞ்சலி. லீபன்ஸ், வயது 34.
யாரோ குழந்தையின் முதல் நன்மை விருந்தில்
நாற்பது பேருக்கு நடுவே இரண்டாம் வரிசை,
போன் போனாய்த் தாண்டி வந்த படம்.
முகத்தை மட்டும் வெட்டி இழுத்தார்.
சதுரம் சதுரமாகப் பிரிந்தது.
கண் எது, தொப்பி நிழல் எது.
வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றவரிடம் கேட்டார்,
"ஒரிஜினல் உண்டா?"
"இதுதான் அண்ணே. மச்சான் போட்டோவுக்கு நிக்க மாட்டான்."

கீழே தேதி அடித்துக்கொண்டிருந்தார்.
நான் அச்சைச் சரிபார்க்கத் தேவையிருக்கவில்லை.
ஆறாம் நாள்.
மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் நடுவே
என் மிதவை ஒன்றும் அளக்கவில்லை;
இரண்டு புள்ளிகளை
நேர்கோட்டால் இணைத்திருந்தது மென்பொருள்.

அம்பை எடுத்தேன்.
கோட்டையும் எடுத்து
அளந்த இடங்களில் புள்ளி மட்டும் வைத்தேன்.
அதே பெயர் இருக்கிறது, மேலெழுதவா என்று கேட்டது.
வேண்டாம்.
வேறு பெயர் கொடுத்தேன்.

துணி வீணாகக் கூடாதென்று
இரண்டையும் ஒரே சுருளில் ஓட்டினார் ஷைஜின்.
முதலில் அந்த முகம், எட்டடி.
தூரத்தில் நின்று பார்த்தால் சிரிப்பது தெரிகிறது.
பிறகு நாலு விரல் வெள்ளை.
பிறகு கடல்.

மை காயட்டும் என்றார்.
பிளேடை எடுத்துக்கொண்டு
வெள்ளை எங்கே என்று
குனிந்து தேடினார்.