ஊறும்வரை

கொக்குவில் ரயில் கடவையில்
ஸ்கூட்டி சறுக்கிப் பதினெட்டு நாள்.
ஸ்கானில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.
அந்த ஒன்றுமில்லாததுதான்
கோயில் ஒலிபெருக்கி தொடங்கினதும்
கண்ணுக்குப் பின்னால் எழும்பி நடக்கிறது.

நேற்றுக் கொஞ்சம் சுகம்.
அந்தத் துணிவில்
ஒன்பதாம் ஆண்டு விடைத்தாள் பதினொன்று திருத்தினேன்.
பன்னிரண்டாவதில்
சமன்குறி நாலு கோடானது.
பிறகு வாளி.

சுகிர்தன் ஏசவில்லை.
பின்வளவில் மோட்டரை நிற்பாட்டிவிட்டு வந்து
கையைத் துடைத்தபடி சொன்னான்:
"கூட இறைச்சால் உவர் ஏறும்.
கொஞ்சம் ஊறட்டும்."
மிளகாய்க் கண்டுகளைப் பற்றித்தான் சொன்னான்.

இண்டைக்கு மூன்று தாள்.
நாலாவது மேசையில் கிடக்கிறது,
ஆரோ ஒரு பிள்ளை
பாதி நிறுவிய முக்கோணத்தோடு.
யன்னல் சீலையை இழுத்துவிட்டுப்
படுத்திருக்கிறேன்.
நித்திரையில்லை,
சும்மா.