ஒட்டு

பாகாவ் மில்லில் எனக்கு எடைமேடை.
பழக்குலையோடு ஏறும் லோரி ஒரு கணக்கு,
காலியாய்த் திரும்பும் லோரி ஒரு கணக்கு.
பதினாறு வருசமாய் இதைத்தான் எழுதுகிறேன்:
உள்ளே போனது எவ்வளவு,
வெளியே வந்தது எவ்வளவு.

என் வயிற்றில் மட்டும் கணக்கு இடிக்கிறது.

குடல்வால் வெடித்த வருசம்
கோலப்பிலா ஆஸ்பத்திரியில் திறந்தார்கள்,
நட்டநடுவில், ஒரு சாண்.
நாலு நாள் பச்சைத்தண்ணீர் கிடையாது.
மிஸ்ஸி நோராய்னி காலையும் மாலையும் வந்து
கட்டில் கம்பியைத் தட்டுவாள்:
"சுடா கெந்துட்?"
காற்று பிரிந்ததா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.
வார்டே எனக்காகக் காத்திருந்தது.
வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிந்தபோது
பக்கத்துக் கட்டில் சீனப்பெண் கைதட்டினாள்.

வெளித்தையல் நன்றாக ஆறியது.
உள்ளே கொஞ்சம் அதிகமாகவே ஆறிவிட்டது.
ஈரத்தில் ஒன்றையொன்று உரசிக் கிடந்தவை,
குடலும் குடலும், குடலும் சுவரும்,
அப்படியே பிடித்துக்கொண்டன.
ஸ்கேனில் தெரியாதாம். எக்ஸ்ரேயிலும்.
டாக்டர் ஹேமலோஷினி விரல்களைக் கோத்து
இழுத்துப் பிரிக்கப் பார்ப்பதுபோல் நடித்துக் காட்டினார்.
"திறந்து அறுத்துவிட்டால் என்ன?"
"அறுக்கலாம், புஸ்பவேணி.
அறுத்த இடம் திரும்ப ஒட்டும்."

நான் பால்மரங்களுக்கு நடுவே வளர்ந்தவள்,
அது அவருக்குத் தெரியாது.
மங்கு எடுத்த பிறகும் கோட்டோரம் கசிந்து காயும்,
நகத்தால் நெம்பினால் நீளமாய் உரிந்து வரும்
ஒட்டுப்பால்.
வெட்டின மரத்தில்தான் அது இருக்கும்.
வெட்டாத மரத்துக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மேனேஜர் பத்மசீலனும் வெட்டாத மரம்.
என் எம்.சி. சீட்டுகளை விசிறிபோல் விரிக்கிறார்.
"வயித்துவலி, வயித்துவலி, வயித்துவலி.
டாக்டருக்கு வேற வார்த்தையே கெடைக்கலியா?"
வார்த்தை இருக்கிறது சார்,
தழும்பும் இருக்கிறது,
இரண்டும் உங்களிடம் காட்டுகிற இடத்தில் இல்லை.

நாத்தனார் மகள் நிச்சயத்தில்
கோஸ் வேண்டாம், சோளம் வேண்டாம்,
கொய்யா ஒரு துண்டுகூட வேண்டாம் என்றேன்.
"டயட்டா? இந்த வயசுலயா?"
இலையை மூடும்வரை சிரித்தார்கள்.
நானும்தான்.
அன்று சிரித்ததுகூட உள்ளே எங்கோ இழுத்தது.

போன செவ்வாய்க்கிழமை
குணாளன் லோரி மேடைமேலேயே நின்றுபோனது,
ஆக்சில் உடைந்து.
முன்னால் நகராது, பின்னாலும் வழியில்லை.
ஒன்பது லோரி, பத்து, பதினொன்று,
வாசல் தாண்டி ரோட்டுக்கு வால் நீண்டது.
வெயிலில் பழம் கனிந்து எண்ணெய் வாடை தூக்கியது.
ஹார்ன். கெட்ட வார்த்தை. திரும்ப ஹார்ன்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
மேசை விளிம்பைப் பிடித்துக் குனிந்திருந்தேன்.
எனக்குள்ளும் அதே நேரம்
முறுக்கி, நின்று, விட்டு, மறுபடி முறுக்கி.
பத்மசீலனைக் கூப்பிட்டு
இதுதான் சார் என்று வாசலைக் காட்டலாம் போலிருந்தது.
கூப்பிடவில்லை.
வாந்தி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வந்தால், காற்றும் போகாமலிருந்தால்,
யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வா
என்று சொல்லியிருக்கிறார் டாக்டர்.

மூன்றரைக்கு டிராக்டர் வந்து லோரியை இழுத்தது.

எனக்கு இரவு எட்டே முக்கால் ஆனது.
சுடுதண்ணீர்ப் போத்தலை அணைத்து
இடப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கி.
பக்கத்து வீட்டு டிவியில்
யாரோ யாரையோ சொத்துக்காக மிரட்டிக்கொண்டிருந்தார்கள்.
முதலில் ஓர் ஊர்தல்,
குழாயில் நின்றுபோன தண்ணீர் திரும்ப வருவதுபோல.
பிறகு ஒரு சின்னச் சத்தம்.

"சுடா," என்றேன் இருட்டைப் பார்த்து,
"சுடா, மிஸ்ஸி."

எழுந்து போய்க் கஞ்சி வைத்தேன், உப்பு மட்டும் போட்டு.
கால் கப்.
காலையில் ஆறு மணிக்கு முதல் லோரி.