பக்கம் 112

வெள்ளிக்கிழமை மிருதுளாவுக்குப் பதின்மூன்று.
"கோடிங் கத்துக்கணுமாம். ஒரு புக் வாங்கிட்டு வாடா,
போரடிக்காததா பாத்து."
அக்காவின் குரல்பதிவில் பின்னணியாகக்
குக்கர் மூன்று விசில் அடித்தது.

நான் தண்டவாளம் பார்க்கிறவன்.
கடைசி ரயில் போனபின் சுரங்கத்தில் இறங்கி
முதல் ரயில் வருமுன் ஏறிவிடுகிற வேலை.
கணினியில் எனக்குத் தெரிந்தது
விடுப்புக்கு விண்ணப்பிப்பது மட்டும்.

பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ், மூன்றாம் மாடி.
நல்ல மழை. வாசலில் என் குடை
யாருடைய குடையையோ கட்டிக்கொண்டு கிடந்தது.

முதல் புத்தகத்தின் அட்டையில் ஒரு ரோபோ
பல் தெரியச் சிரித்தது.
உள்ளே பத்துப் பக்கத்துக்கு
எதிர்காலம் எதிர்காலம் என்று மிரட்டுகிறார்கள்.
அவளை மிரட்டப் பள்ளிக்கூடத்தில்
ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

அடுத்தது பூஜ்யத்தையும் ஒன்றையும் பற்றி
அறுபது பக்கம்.
நீச்சல் பழக வந்தவளிடம்
தண்ணீரின் வரலாறு.

இன்னொன்று அட்டை முதல் அட்டை வரை ரோஜா நிறம்.
பெண்பிள்ளைகளுக்காம்.
வாங்கிப் போனால் ஒரு மாதம் பேசமாட்டாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.
புக்கிட் பாஞ்சாங் உணவங்காடியில்
தட்டை வைத்துவிட்டுச் சாஸ் எடுக்கத் திரும்புவதற்குள்
உருளை வறுவலைத் தூக்கிப்போகிற மைனாக்கள்,
அவற்றை வைத்து ஒரு விளையாட்டு.
ஆடுகிறவர் மனிதர் இல்லை, மைனா.
"மேசை துடைக்கிற ஆண்ட்டிதான் மாமா கடைசி வில்லன்!"
சொல்லும்போதே கைகள் சிறகாகி
லிஃப்டில் நின்ற தாத்தாவின் கண்ணாடியைத் தட்டிவிட்டாள்.

கீழ்த்தட்டில்
சமையல் குறிப்புக்கும் வருமானவரிக்கும் நடுவே
முதுகு கிழிந்த ஒன்று. ஆறு வெள்ளி.
திறந்த இடத்தில் ஒரு பூனை
திரையின் ஓரத்தை முட்டிக்கொண்டே இருந்தது.
நீங்கள் சொல்லாதவரை அதற்குத் திரும்பத் தெரியாது,
பாவம், என்று எழுதியிருந்தது.
சிரித்துவிட்டேன்.
கல்லாவில் இருந்த திருவாட்டி லிம் நிமிர்ந்து பார்த்தார்.

பூனைக்காக மட்டும் வாங்கவில்லை.
ஓரமெல்லாம் பென்சில்.
எழுத்து ஒன்றுகூட இல்லை, குறிகள்தான்.
பதினெட்டாம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பத்தொன்பதில் இன்னும் பெரிதாக, தாள் குழிய.
இருபத்தொன்றில் மூன்று ஆச்சரியக்குறிகள்;
அதில் ஒன்று வரம்பு தாண்டிப்
பூனையின் வால்மேல் குதித்திருந்தது.
இப்படியே போகிறது
நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும்.
அங்கே வரிசையாக ஏழு கேள்விக்குறிகள்.
அதற்கப்புறம் கைபடாத வெள்ளை.

கொஞ்சம் பயந்துதான் காசைக் கொடுத்தேன்.
பாதி வழியில் யாரோ இறங்கிப்போன இருக்கையில்
நம் பிள்ளையை உட்கார வைக்கிறோமே.

கேக் வெட்டுமுன்னே காகிதத்தைக் கிழித்தாள்.
புரட்டினாள்.
"யாரு மாமா இது?"
புத்தகத்தைக் கேட்கவில்லை,
பென்சிலைக் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
முன்னுரைப் பக்கம் திரும்பவே இல்லை;
கிரீம் ஒட்டிய விரல்
ஏழு குறிகளையும் எண்ணிக்கொண்டு நின்றது.

செவ்வாய், இரவு ஒன்று பத்து.
தலைவிளக்கு, கையுறை, படிக்கட்டில் வரிசை.
இறங்குமுன் தொலைபேசி அதிர்ந்தது.

"மாமா, தப்பு புக்லதான். 112, நாலாவது வரி.
மூடுற அடைப்புக்குறி அச்சாகவே இல்ல.
நானே போட்டேன். பூனை மீனைப் பிடிச்சிடுச்சு!!!
முழிச்சிருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க."

தூங்கு என்று பதில் போட்டுவிட்டு
போனை லாக்கரில் வைத்தேன்.
அன்றிரவு இரண்டு கிலோமீட்டர்,
ஒவ்வொரு பிணைப்பாக விளக்கடித்துப் பார்த்தபடி.
யாரோடு பேசுகிறாய் என்று
ஹஃபிஸ் மலாயில் கேட்டான்.
ஒன்றுமில்லை என்றேன்.

பென்சிலைப் பிடித்து ஏழு தடவை கேட்டவனே, கேட்டவளே,
இப்போது எந்த ஊரில் என்ன வேலையோ,
"எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று
இன்னும் யாரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாயோ,
தப்பு உன்னுடையது இல்லை.
நாலாவது வரி.
நகக்கண் அளவு ஒரு வளைவு.
அது அச்சில் விழவில்லை, அவ்வளவுதான்.