நாற்பத்தொன்றாம் கட்டம்

மெலோவுக்கு வடக்கே சுண்ணாம்புக் குவாரியில்
சிமெண்டாகப் போகவிருந்த கல்.
ஒலிட் அதை லாரியில் ஏற்றவில்லை.
"மீன்முள் மாதிரி இருந்துச்சு, மனசு வரலை,"
ரொட்டி சுற்றிய காகிதத்திலேயே
பொதிந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மீன் இல்லை.
என் சுட்டுவிரல் நீளத்துக்கு ஒரு தலை.
நாசித் துளை முகத்தின் நுனியில் இல்லாமல்
கண்ணருகே ஏறி உட்கார்ந்திருக்கிறது,
நீரில் முகம் புதைத்தே பிழைத்ததற்கான ஏற்பாடு.
பற்களைச் சீப்பு என்றார்கள், வடிகட்டி என்றார்கள்.
உருப்பெருக்கியில் எண்ணிப் பார்த்தேன்,
அத்தனை நெருக்கமில்லை.
ஒவ்வொன்றும் தனி ஊசி,
இறாலின் ஓட்டைக் குத்தத் தெரிந்த ஊசி.

ஆறு வாரம் சுரண்டினேன்.
மாதேக் குடுவையில் வெந்நீர் ஆறும், மறுபடி கொதிக்கும்.
கண்குழிக்குப் பின்னே போய்ச் சேர்ந்த அன்று
ஒரு துளை.
அல்லது
ஓர் உடைசல்.

குலமே அதில்தான் இருக்கிறது.
பொட்டில் இரண்டு துளை என்றால்
பல்லி, முதலை, முற்றத்துக் கோழி.
ஒன்று என்றால் பெரும்பாலும் நாம்.
துளையே இல்லையென்றால் பழைய, சன்னலில்லாத வீடு.
இருபத்தெட்டுக் கோடி வருடக் கனம்
மண்டையை அப்பளமாக்கி வைத்திருக்கிறது.
இடப்பக்கம் ஆம் என்கிறது,
வலப்பக்கம் வாய் திறக்கவில்லை.

நமீபியாவில், ஆட்டுப்பண்ணைக் கல்லில்,
இதே பிராணி.
ஹென்ட்ரினா ஸ்வார்ட்பூய் படம் அனுப்பியிருந்தாள்:
"என்னுடையதில் துளை இல்லை. உன்னுடையதில்?"
எங்கள் இருவருக்கும் நடுவே இருக்கும் கடல்
இதற்குத் தெரியாது. அப்போது அது இல்லை.

சனிக்கிழமை ஒலிட் வந்தார்,
வாய் நிறைய வாட்டிய இறைச்சியோடு.
"சரி, இது யார் வீட்டுப் பிள்ளை?"
அவர் மெல்ல மெல்ல
பொட்டு துடித்துக்கொண்டிருந்தது.
அந்த ஒற்றைத் துளை இருந்த இடத்தில்தான்
தசை எலும்பைப் பிடித்து இழுக்கிறது.
கையை அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னேன்.
வைத்தார். வெறும் வாயை மென்றார். சிரித்தார்.
"அப்போ எங்க தாயாதியா?"
ஒரே இடத்தில் மச்சம் இருந்தால்
தாயாதி ஆகிவிடுமா, ஒலிட்?

கணினியில் நாற்பத்தொன்றாம் கட்டம் காத்திருந்தது.
பூஜ்யம் போட்டால் ஒரு கிளையில் போய்த் தொற்றிக்கொள்கிறது.
ஒன்று போட்டால்
மூன்று கணு கீழே இறங்கி
ஊர்வன எல்லாவற்றுக்கும் முன்னால்
தனியாக நிற்கிறது.
இவ்வளவு சின்னத் தலை,
ஒரு எண்ணுக்கு இத்தனை தூரம் நகர்கிறது.

கேள்விக்குறி போட்டேன்.

"தெரியலைன்னு எழுதினா சம்பளம் குடுப்பாங்களா?"
குடுப்பாங்க. லேட்டா.
அவர் விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.
"வண்டியில இன்னொரு கல் இருக்கு.
வால், விலா, விரல் எல்லாம் சுத்தமா இருக்கு.
தலை மட்டும்தான் இல்ல."