குறுகலான விலாசம்

கிருஷ்ணகிரி, லண்டன்பேட்டை, மாடி அறை.
ஏசித் தண்ணீர் பக்கெட்டில் சொட்டுகிறது.
மணி இரண்டு பத்து.

திங்கட்கிழமை நடந்தது என் தப்பு,
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
தெரியாத முகவரி வந்தால் காவேரிப்பட்டணத்தைக் கேள் என்று
பர்கூர் ரவுட்டருக்கு எழுதியிருந்தேன்,
காவேரிப்பட்டணத்துக்கு, பர்கூரைக் கேள் என்று.
பொட்டலம் பிறக்கும்போதே அறுபத்து நாலு மூச்சு.
கை மாறினால் ஒன்று குறையும்.
பர்கூர் காவேரிப்பட்டணம் பர்கூர் காவேரிப்பட்டணம்
தாலுகா ஆபீசில் இரண்டு மேசைக்கு நடுவே
நைந்துபோன மனுவாக
பூஜ்யத்தில் விழுந்து செத்தது.

இன்று எதுவும் சுற்றவில்லை.
போகிறது. நேராக. வேறெங்கோ.

மாங்கூழ் கம்பெனி இக்பால் பாய்
மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்:
"அனுப்புனது போகுதுப்பா, பதில்தான் வரமாட்டேங்குது.
கப்பல் காயிதம் நிக்குது."

வெளிநாட்டுக் கண்ணாடிகளில் எங்கள் முகத்தைத் தேடினேன்.
வழிவரிசையின் கடைசி எண்
எங்களுடையதாக இருக்கவேண்டும்.
இல்லை.
யாரோ ஒருவன்
எங்கள் கதவில் தன் பெயர்ப்பலகையை மாட்டியிருந்தான்.

லாரிக்காரரிடம் ஒருத்தர் சொல்கிறார், கிருஷ்ணகிரி.
இன்னொருத்தர்,
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலம் தாண்டி, நீலக் கேட்.
வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?
குறுக்கிச் சொல்பவன் சொல்வதே வழி.
வீடு அவனுடையதா என்று
பாதிப் பேர் கேட்பதில்லை.

ஆயிரத்து இருபத்து நாலு முகவரிகளை
ஒரே மூட்டையாகக் கட்டி அறிவித்திருந்தோம்.
அவன் அதில் சரிபாதியை மட்டும் அறிவித்தான்.

போச்சம்பள்ளியில் தூங்கிய திம்மராயனை எழுப்பினேன்.
"நறுக்கு" என்றான், கொட்டாவிக்குள்ளிருந்து.
"கால் காலா நறுக்கிக் கூவு.
அதுக்குக் கீழ போனா எவனும் வாங்கமாட்டான்."

இருநூற்றைம்பத்தாறு. இன்னோர் இருநூற்றைம்பத்தாறு.
சொந்த வீட்டுக்கு
அந்நியனைவிடக் குறுகலான விலாசம் சொல்லி
நடுராத்திரியில் கூவினேன்.
நாலு நிமிடம்.
கண்ணாடிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின,
ஒன்று மட்டும் ஆறரை மணிவரை திரும்பவேயில்லை.

விடிந்ததும் கடிதம்.
மன்னிக்கவும், ஓர் இலக்கம் கை தவறிவிட்டது.
பெயர் இருந்தது, ஊர் இல்லை.

திருடனும் இதைத்தான் எழுதுவான்.
திங்கட்கிழமை முதலாளிக்கு
நானும் இதைத்தான் எழுதினேன்.

பரவாயில்லை என்று அடித்தேன். அழித்தேன்.
பக்கெட் நிரம்பியிருந்தது, கொட்டிவிட்டு வந்தேன்.
கண்காணிப்புப் பட்டியலில் அவன் எண்ணைச் சேர்த்தேன்,
அதற்குக் கீழே
எங்களுடையதையும்.