கிரேனை அடையாளம் வைக்காதீர்கள்

முதலில் இது:
கிரேனை அடையாளம் வைக்காதீர்கள்.
சுபுஹுக்கு வலப்பக்கம் நின்றது
மஃரிபுக்கு உங்கள் விடுதியின் தலைக்குமேல் நிற்கும்.
அதை நம்பி நடந்த கசாக் ஹாஜி ஒருவரை
இரவு இரண்டு மணிக்குச்
சுரங்கப்பாதையின் அந்த முனையில் கண்டெடுத்தேன்.
கையில் ஒற்றைச் செருப்பு.
எந்த வாசல் என்று கேட்டேன்.
வானத்தைக் காட்டினார்.

நான் ஸகரிய்யா ஃபல்லாத்தா.
நாலு தலைமுறைக்கு முன்
கானோவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்து
திரும்பிப்போக மறந்த குடும்பம்.
மக்காவில் சக்கர நாற்காலி தள்ளுகிறேன்.
கூலியை உட்காருமுன் பேசிவிடுங்கள்,
என்னிடமும்தான்.

வாசல் எண்ணை உள்ளங்கையில் எழுதாதீர்கள்.
ஒளு செய்தால் எண்ணும் சேர்ந்து ஓடும்.
செருப்பை வாசலில் விடாதீர்கள்,
வெளியே வரும்போது அந்த வாசலே
தகரமாகியிருக்கும்.
பைக்குள் போட்டுத் தோளில் மாட்டுங்கள்.
தூசிக்கு முகத்தை மூடலாமா என்று
உங்கள் ஆலிமைக் கேளுங்கள்.
தூசியைக் கேட்டுப் பயனில்லை,
அது மத்ஹபு பார்ப்பதில்லை.

மேலே தற்காலிகப் பாலத்தில் அனுப்பினால்
ஒரு சுற்று கீழே மூன்று சுற்றுக்குச் சமம்.
தண்ணீரை ஏறுமுன் குடியுங்கள்.
பச்சை விளக்கைச் சாரம் மறைத்தால்
பக்கத்தில் கை உயர்த்துகிறவர்களைப் பாருங்கள்.
எண்ணிக்கையில் சந்தேகமா,
ஐந்தா ஆறா?
ஐந்து என்று வைத்துக்கொண்டு நடங்கள்.
கால் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

போன ஷஃபானில்
திராவ்னிக்கிலிருந்து ஒரு பெண், ஹஸ்னியா.
மடியில் நாலாய் மடித்த காகிதம்.
இருபது வருடம் முன்பு தனியாக வந்த கணவன்
எழுதிவைத்த வழி:
வாசலிலிருந்து இருபத்து மூன்று தூண்,
இடப்பக்கம் திரும்பு,
கால்புள்ளி போலக் கீறல் விழுந்த தூணில் சாய்ந்துகொள்.
யாருடைய தோளும் மறைக்காமல்
கஃபா முழுசாய்த் தெரியும்.

அவர் இப்போது கட்டிலில். பக்கவாதம்.
தொலைபேசியைக் காதில் வைத்துவிட ஒரு மகன்.

தள்ளினேன்.
அவள் எண்ணினாள், அவர்கள் மொழியில்.
ஒன்பதாம் தூணுக்கு அப்புறம்
வெள்ளைத் தகரம்.
தகரத்துக்குப் பின்னால் துளைபோடும் இயந்திரம்
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
இடுக்கில் ஒரு பற்றவைப்புக்காரன், பட்டான்,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.
காகிதத்தைக் காட்டினாள்.
படிக்கத் தெரியாமலே தலையசைத்தான்:
திறக்க முடியாது, அம்மா.
பிறகு இரண்டு கையையும் காதில் வைத்தான்.
பாங்கு வரட்டும், இது நிற்கும்.

நின்றது.
அப்படி ஒரு அமைதியை
நான் அந்த இடத்தில் கேட்டதில்லை.
தகரத்தைப் பார்த்தே தொழுதாள்.
தகரம் குறுக்கே நின்றது, திசை மாறவில்லை.
தகரத்தின் அந்தப் பக்கம்
அவனும் அதே திசையில்
குனிந்திருப்பான்.

அலைபேசியில் மகன் கேட்டான்,
அப்பா கேட்கிறார், தூண் கிடைத்ததா?
பொய் சொல்வாள் என்று நினைத்தேன்.
நானாயிருந்தால் சொல்லியிருப்பேன்.
“கழற்றிவிட்டார்கள்,” என்றாள்.
“நீ சாய்ந்த இடத்தில்
இப்போது ஒருவன் இரும்பை ஒட்டுகிறான்.”
அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு சத்தம்.
சிரித்தாராம்.

கீழே இறங்குமுன் என் பென்சிலை வாங்கினாள்.
காகிதத்தின் பின்பக்கம் எழுதினாள்:
தூணை எண்ணாதே.
பாங்குக்குக் கால்மணி முன்பு வா.
அதற்குக் கீழே அன்றைய தேதி.
பதினோரு வருடமாக வழி சொல்கிறேன்,
எனக்கு அது தோன்றியதே இல்லை.

நீங்களும் போடுங்கள்
நான் சொன்னதற்கெல்லாம் மேலே, தேதி.
அடுத்த மாதம் பாதி தப்பாகும்.
வாசல் எண்ணை மட்டும்
நாளைக் காலையிலேயே இன்னொரு முறை கேளுங்கள்.
இன்று மதியம்
பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.