இடது குழல்

அக்டோபர். புலவாயோவில் ஹில்சைடு பக்கம்
ஜக்கரந்தாப் பூக்கள் தார்ச்சாலையில் நசுங்கிக் கிடந்தன.
சோளமாவுப் பைக்குள் பதினோராயிரம் டாலர்.
கிழிந்த நோட்டு வாங்கமாட்டேன் என்று
போனிலேயே சொல்லியிருந்தாள் ஹெஸ்டர் ஃபான் டொண்டர்.
முந்தின இரவு நோபுக்கோசி உட்கார்ந்து
ஒட்டுப்போட்டவற்றைத் தனியே எடுத்துவைத்தாள்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்.

பதினேழு வருடம் தடம் பார்த்தேன்,
அடுத்தவன் துப்பாக்கிக்கு முன்னால் நடந்து.
இந்த வருடம்தான் உரிமம் வந்தது.
இனி டெக்சஸ்காரர் சுடுவார்.
அவர் தவறினால் நான்.

சாப்பாட்டு மேசையில், குளியல் துண்டின்மேல்
கிடந்தது அது.
நானூற்று எழுபது. பர்மிங்காம் வேலை.
கட்டை எனக்கு ஒரு விரற்கடை நீளம்;
வைத்திருந்தவன் நெட்டையனாக இருந்திருக்க வேண்டும்.
மடித்துத் திறந்தேன். கீல் முனகவில்லை.
குழல்களை ஜன்னலுக்குக் காட்டினேன்.
இரண்டு நிலா. இரண்டிலும் கறையில்லை.

இவை இணைகோடுகள் அல்ல.
ஒன்றையொன்று பார்த்து மயிரிழை சாய்த்துப் பற்றவைத்தவை.
அறுபது எட்டில் இரண்டு குண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்.
அதைத் தாண்டினால் குறுக்கே கடந்து
தன்தன் வழியில் போய்விடும்.
அறுபதைத் தாண்டி நிற்கும் எருமையோடு
எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

விலை பேசவே தொடங்கவில்லை,
அவள் உள்ளே போய் ஒரு தேயிலை டப்பாவோடு வந்தாள்.
"போலீஸ் திருப்பித் தந்தது.
வலதில் வெறும் கூடு இருந்ததாம். இடதில் இது.
ஆறு வருடமாக யாரிடமும் காட்டவில்லை.
இடது குழல் கைவிட்டதா?
நீ எதையும் படித்துவிடுவாய் என்கிறார்கள்."

சாணத்தின் சூட்டில் மணி படிப்பேன்.
மடங்கிய புல் நிமிர்வதில் படிப்பேன்.
தோட்டாவின் அடியைத் திருப்பினேன்.
நடுவில் செம்புப் பொட்டு.
ஊசி தொட்டிருந்தால் மிளகளவு பள்ளம் விழும்.
பொட்டு கலையவே இல்லை.

ஊசி பழுது என்று சொல்லலாம்.
அவளுக்கு ஆறுதல்;
எனக்கு இரண்டாயிரம் மிச்சம்.
வாய்வரை வந்தது.

தடத்தில் பொய் சொல்கிறவனுக்கு
இரண்டாம் பொய் சொல்ல ஆயுசு இருப்பதில்லை.
"துப்பாக்கியில் குறையில்லை மேடம்.
அவர் இரண்டாவது விசையை அழுத்தவே இல்லை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ செடிவேலி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.
கத்தரி நின்றது, மறுபடி தொடங்கியது.

அவள் மூக்கால் சிரித்தாள்.
"கோபஸ் அப்படித்தான்.
ஒரு தோட்டா இருபது டாலர் என்பான்.
எப்போதும் ஒன்றை மிச்சம் பிடிப்பான்."

பிறகு நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தாள்.
ஒரு சல்லி குறைக்கவில்லை.
ஒரு இருபதைத் திருப்பித் தந்தாள்: மூலை இல்லை.
பஸ்ஸுக்கு வைத்திருந்ததைக் கொடுத்தேன்.
அனுமதித்தாளில் கையெழுத்துப் போட்டாள்.
டப்பாவை மட்டும் மூடி எடுத்துக்கொண்டாள்.

தோல்பெட்டியோடு நடந்தே வீடு வந்தேன்.
நாய்கள் குரைத்தன; ஒருவரும் வழி மறிக்கவில்லை.

இரவு மின்சாரம் இல்லை.
சமையலறையில் நின்று இரண்டு பொய்த்தோட்டா போட்டேன்.
முன்விசைக்கும் பின்விசைக்கும் நடுவே
விரல் கடக்க வேண்டியது ஓர் அங்குலம்.
தோளில் உதை வாங்கிய கையோடு,
கறுப்பாய் ஒன்று தலை தாழ்த்தி வரும்போது,
ஓர் அங்குலம்.

சுவரில் தொங்கிய சல்லடையைக் குறிபார்த்தேன்.
டிக்.

உள்ளறையிலிருந்து, பிள்ளையை எழுப்பாத குரலில்,
நோபுக்கோசி கேட்டாள்:
"இன்னொன்று?"